ஸ்டாக்கர் படத்தில் ஒரே ஒரு கைத்துப்பாக்கி, அதுவும் சுடவில்லை! ரஷ்ய அறிவியல் புனைவுப் படங்களில் துப்பாக்கிகள் (விவாத இழை)

#1 மண்டலவாசி

வணக்கம் மக்களே. ஒரு சின்னக் குமுறல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 2007இல் வந்த ஸ்டாக்கர் கணினி விளையாட்டில் ஊறியவன். செர்னோபில், கதிர்வீச்சு, ஆளுக்கொரு கலாஷ்னிகோவ். அதில் எல்லாத் துப்பாக்கிக்கும் பெயர் மாற்றியிருப்பார்கள், பார்த்தாலே எது எதுவென்று தெரிந்துவிடும். சரி, இதற்கெல்லாம் மூலமான படம் ஒன்று இருக்கிறதே என்று நேற்று தார்க்கோவ்ஸ்கியின் 1979 படத்தைப் போட்டேன். மண்டலம் என்ற தடைசெய்யப்பட்ட இடத்துக்குள் ஒரு எழுத்தாளரையும் ஒரு பேராசிரியரையும் ஸ்டாக்கர் என்ற வழிகாட்டி திருட்டுத்தனமாகக் கூட்டிப் போகிற கதை. இரண்டே முக்கால் மணி நேரம். தொடக்கத்தில் காவலர்கள் கொஞ்சம் சுடுகிறார்கள். அப்புறம் எழுத்தாளராக வருபவர் பையிலிருந்து ஒரு கைத்துப்பாக்கியை எடுக்கிறார். ஆகா, இப்போதுதான் படம் தொடங்குகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்!

இதுதான் ரஷ்ய அறிவியல் புனைவா? துப்பாக்கி ஒழுங்காக வருகிற படம் எதுவுமே அங்கே இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கொட்டாவி

தண்டவாளத்தில் போய்க்கொண்டே இருக்கிற அந்தத் தள்ளுவண்டிக் காட்சியிலேயே தூங்கியிருப்பீர்கள் என்று நினைத்தேன். துப்பாக்கி வரைக்கும் விழித்திருந்ததே சாதனை.

#3 பிலிம்சுருள்

தம்பி, நீங்கள் குறை சொல்கிற காட்சிதான் படத்தின் முதுகெலும்பு. இன்னொரு முறை பாருங்கள்.

யார் முதலில் போவது என்று தீக்குச்சி இழுத்துப் பார்க்கிறார்கள். எழுத்தாளருக்கு (நடிப்பு சொலனீட்சின்) விழுகிறது. அந்த நீண்ட குழாய்ச் சுரங்கத்தில் அவர் தள்ளாடித் தள்ளாடிப் போகிறார், கேமராவும் கூடவே போகிறது. முடிவில் ஒரு இரும்புக் கதவு. அதற்கு முன்னால் நின்று துப்பாக்கியை எடுக்கிறார். பின்னாலிருந்து ஸ்டாக்கர் (கைதனோவ்ஸ்கி) பதறுகிறான். கத்தல்கூட இல்லை, கெஞ்சல். அதைப் போட்டுவிடுங்கள், நீங்களும் அழிந்து எங்களையும் அழித்துவிடுவீர்கள், டாங்குகளை நினைத்துப் பாருங்கள் என்கிறான். அங்கே போய் யாரைச் சுடப் போகிறீர்கள் என்று கேட்கிறான்.

அந்த டாங்குகளை நாம் முன்பே பார்த்துவிட்டோம். மண்டலத்துக்குள் நுழைந்ததும் புல் மூடிக் கிடக்குமே, துருப்பிடித்த கவச வண்டிகள், அவைதான். படத்தின் ஆரம்ப எழுத்திலேயே விஷயம் இருக்கிறது: படையை அனுப்பினோம், ஒருவரும் திரும்பவில்லை, பிறகு காவல் போட்டுச் சுற்றி வளைத்துவிட்டோம் என்று.

இதை எடுத்தவர்களுக்கு ஆயுதம் காட்டத் தெரியாமல் இல்லை. மொஸ்ஃபில்ம் கிடங்கில் டாங்கு முதல் கைத்துப்பாக்கி வரை எல்லாம் இருந்தது. போர்ப் படமாக எடுத்துத் தள்ளிய நிறுவனம் அது.

#4 வாசுகி_த

பிலிம்சுருள் ஒன்றை விட்டுவிட்டார். ஸ்டாக்கர் ஈரத்தில் படுத்து ஓய்வெடுக்கும்போது கேமரா தண்ணீருக்கு மேலே மெல்ல நகர்ந்துகொண்டே போகும். தெளிந்த தண்ணீர், அடியில் பழைய தளம். ஊசி, நாணயங்கள், வான் ஐக் வரைந்த புனித யோவான் படத்தின் ஒரு துண்டு, கூடவே ஒரு துருப்பிடித்த துப்பாக்கி. எழுத்தாளர் தன்னுடையதை எடுப்பதற்கு முன்பே இது வந்துவிடுகிறது. முன்பு வந்த யாரோ ஒருவர் கொண்டுவந்தது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். கொண்டுவந்தவருக்கு என்ன ஆனது என்று படம் சொல்லவில்லை. தண்ணீர் சொல்கிறது.

#5 மண்டலவாசி

அக்கா, அதைக் கவனிக்கவே இல்லை. ஊசியை மட்டும்தான் பார்த்தேன். ஆனாலும் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. துப்பாக்கியை எடுத்தால் சுட வேண்டும் என்று சொன்னதே ஒரு ரஷ்யர்தானே?

#6 பிலிம்சுருள்

செகாவ். 1889இல் ஒரு கடிதத்தில் எழுதினார்: யாரும் சுட நினைக்கவில்லை என்றால் குண்டு நிரப்பிய துப்பாக்கியை மேடையில் வைக்கக்கூடாது. உண்மைதான். தார்க்கோவ்ஸ்கி அந்த விதியை ஒரே படத்தில் இரண்டு முறை மீறுகிறார். துப்பாக்கி சுடவில்லை. பேராசிரியர் (கிரிங்கோ) முதுகுப்பையில் சுமந்துவந்தது 20 கிலோடன் குண்டு, அதுவும் வெடிக்கவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் தண்ணீரில் எறிகிறார்.

செகாவ் விதி நடக்கிற ரஷ்ய அறிவியல் புனைவு வேண்டுமென்றால் முதல் படத்துக்கே போங்கள். அயேலிட்டா, 1924, புரொத்தசானவ் இயக்கியது. செவ்வாய் கிரக ராணி, வளைந்த கம்பிகளும் கோணங்களுமாக அலெக்சாந்திரா எக்ஸ்தெர் வடிவமைத்த உடைகள் என்று ஒரே அமர்க்களம். ஆனால் கதையைத் திருப்புவது செவ்வாய் ஆயுதம் இல்லை. பொறியாளர் லோஸ் சந்தேகத்தில் மனைவியைச் சுட்டுவிட்டு ராக்கெட்டில் ஏறி ஓடுகிறான். மாஸ்கோவில், சாதாரண ரிவால்வரால். (பின்னால் அது கனவென்று தெரியவரும், அது வேறு.) விண்வெளிப் படத்தின் முதல் வெடிச்சத்தம் ஒரு வீட்டுச் சண்டையில். அதுவும் மௌனப் படம், சத்தத்தை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

#7 டம்மிபீஸ்

இந்த இழைக்காகத்தான் இத்தனை வருடம் இந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். நான் ஆர்ட் டிபார்ட்மெண்ட் ஆள், நம்மூர்ப் படங்களில். படத்தில் வரும் துப்பாக்கியைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். பக்கத்தில் வைத்து, கிளோசப்பில் காட்டுவதற்கு நிஜமானது அல்லது நிஜத்தின் எடையும் அளவும் உள்ள மாதிரி. சுடுவதற்கு வெற்றுத் தோட்டா போடும் துப்பாக்கி. ஓட, விழ, உருள ரப்பர்.

ரப்பர் என்றால் சிரிக்காதீர்கள். ஒரு படத்தில் மழைக் காட்சி, இரவு முழுக்கத் தண்ணீர் பீய்ச்சினார்கள். விடியற்காலை நாலு மணிக்கு ஹீரோ குறிபார்க்கிறார், குழல் வாழைத்தண்டு மாதிரி கீழே வளைந்து நிற்கிறது. மானிட்டரில் யாருக்கும் தெரியவில்லை. டப்பிங்கில்தான் கண்டுபிடித்தார்கள். திட்டு யாருக்கு என்று கேட்க வேண்டாம்.

ரஷ்யாவில் இதற்கு முறையான பெயர்களே உண்டு. அளவும் எடையும் மட்டும் நிஜமாக இருக்கும், சுடவே முடியாத மாதிரிக்கு எம்எம்கே என்பார்கள். பழைய நிஜத் துப்பாக்கியின் குழலைத் துளைத்து, குறுக்கே ஊசி வைத்து வெல்டிங் பண்ணி, வெற்றுத் தோட்டா மட்டும் வெடிக்கும்படி மாற்றியதற்கு எஸ்ஹெச்பே. அந்தக் குழல் வழியாகக் குண்டு வெளியே போகவே முடியாது.

#8 மண்டலவாசி

அண்ணே, வெற்றுத் தோட்டாவைப் போட்டால் நிஜத் துப்பாக்கி சாதாரணமாகச் சுடாதா? எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

#9 ஹவில்தார்_ஓய்வு

இதற்கு நான் பதில் சொல்கிறேன். சினிமா தெரியாது, இது தெரியும்.

கலாஷ்னிகோவ் தானாக அடுத்த தோட்டாவை ஏற்றுவது குண்டுக்குப் பின்னால் தள்ளும் வாயுவால். குண்டு குழலை அடைத்துக்கொண்டு போகும்போது வாயுவின் ஒரு பங்கு மேலே இருக்கும் துளை வழியாகப் போய் பிஸ்டனைப் பின்னால் தள்ளும். வெற்றுத் தோட்டாவில் குண்டே இல்லை. வாயு தடையில்லாமல் முன்பக்கம் ஓடிவிடும், பிஸ்டன் அசையாது. ஒரு டப், அதோடு சரி. கையால் இழுத்துக் காக் பண்ணினால்தான் அடுத்தது. அதனால்தான் பயிற்சியின்போது குழல் முனையில் ஒரு சின்னத் துளையுள்ள அடைப்பை மாட்டுவோம். வாயு உள்ளே தேங்கும், துப்பாக்கி தானாக ஓடும். ஏகேஎம் என்ற கலாஷ்னிகோவ் வகையில் முனையில் சாய்வாக வெட்டிய ஒரு குட்டிக் குழாய் இருக்குமே, அதைக் கழற்றிவிட்டு இதைப் போட வேண்டும்.

படம் பார்க்கும்போது குழல் முனையைப் பாருங்கள். சாய்வு வெட்டு இல்லாமல் மொட்டையாக ஏதாவது துருத்திக்கொண்டிருந்தால் அது வெற்றுத் தோட்டா அடைப்பு.

#10 டம்மிபீஸ்

ஹவில்தார் சார் சொன்னது சரி. சினிமாவில் அதை வெளியே தெரியவிட மாட்டார்கள். குழலுக்கு உள்ளேயே திருகிவிடுவார்கள். வெளியே வழக்கமான முனைதான் தெரியும்.

இன்னொன்று. 5.45 மில்லிமீட்டர் ரஷ்ய வெற்றுத் தோட்டாவில் முனையில் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு பொய்க் குண்டு இருக்கும், உள்ளே வெறும் கூடு. சுட்டதும் பொடிப்பொடியாகிவிடும். பழைய 7.62 மில்லிமீட்டர் தோட்டாவில் அது கிடையாது, கூட்டின் வாயையே பூ இதழ் மாதிரி மடித்து மூடியிருப்பார்கள். அதனால் கிளோசப்பில் ஒருவர் மேகசினில் தோட்டா அடைக்கிற காட்சி வந்தால் உற்றுப் பாருங்கள், வெள்ளைத் தலை தெரிந்தால் ஆர்ட் டிபார்ட்மெண்டில் ஒருவருக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்கிறது.

வெற்றுத் தோட்டா என்றால் ஆபத்தில்லை என்றும் நினைக்க வேண்டாம். பக்கத்தில் வைத்துச் சுட்டால் வாயுவே ஆளைக் கொல்லும். 1993இல் பிராண்டன் லீ இறந்தது குழலுக்குள் ஏற்கெனவே சிக்கியிருந்த குண்டு முனையை வெற்றுத் தோட்டா வெளியே தள்ளியதால்.

#11 கொட்டாவி

இவ்வளவும் படித்தபின் அந்த எழுத்தாளர் துப்பாக்கியைக் கீழே வைத்ததே நல்லது என்று தோன்றுகிறது. ஆர்ட் டிபார்ட்மெண்டுக்காவது நிம்மதி.

#12 மண்டலவாசி

சரி, தார்க்கோவ்ஸ்கியை விடுங்கள். புதிய படங்களில்? ஸ்புட்னிக் பார்க்கலாமா? கவச உடை, ராணுவ முகாம், டிரெய்லரில் ஏகே எல்லாம் தெரிகிறது.

#13 பிலிம்சுருள்

தாராளமாகப் பாருங்கள். அப்ரமென்கோ இயக்கியது, 2020. விண்வெளியிலிருந்து திரும்பிய வீரன் உடம்புக்குள் ஒன்று குடியேறியிருக்கிறது. கதை நடப்பது 1983இல், கஜக் புல்வெளியில் ஒரு ரகசிய முகாமில். கர்னலாக வருபவர் ஃபியோதர் பொந்தர்ச்சுக், அவரே இயக்குநரும்கூட, மாஸ்கோவின் செர்தானோவோ பகுதியில் வேற்றுக் கலம் விழுகிற பிரித்யாஷேனியே (2017) அவர் எடுத்ததுதான். உங்களுக்குப் பிடிக்கும், ஸ்புட்னிக்கில் செகாவ் விதி நடக்கிறது. கடைசியில் ஒரு துப்பாக்கி வெடிக்கும். யார் கையில் என்று சொன்னால் அடிக்க வருவீர்கள்.

#14 ஹவில்தார்_ஓய்வு

1983 என்று சொன்னதால் ஒரு சோதனை. எந்த சோவியத் காலப் படத்திலும் இதைச் செய்து பார்க்கலாம்.

ஏகே-74, பெயரில் இருக்கிறபடி 1974இல் வந்தது. குட்டையான ஏகேஎஸ்-74யூ 1979. ஆக 83இல் இரண்டும் இருக்கலாம். ஏகே-74இல் பின்கட்டை, முன்பிடி எல்லாம் பலகை ஒட்டிச் செய்த மரமாக இருக்க வேண்டும், மேகசின் செம்மண் நிறம், ஆரஞ்சுக்குப் பக்கம். பிளம் பழ நிறத்தில் கருஞ்சிவப்புப் பிளாஸ்டிக் 80களின் நடுவில்தான் பரவியது. முழுக்கக் கறுப்பாக, கட்டை மடங்குகிற ஏகே-74எம் 1991. அது 83இல் ஒருவர் தோளில் தொங்கினால் அந்தப் படையினர் காலப்பயணம் செய்து வந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அறிவியல் புனைவுதானே!

அடுத்தது, வலப்பக்கத்து நெம்புகோல். மேலே இருந்தால் பூட்டு, நடுவில் தொடர் சூடு, கடைசியில் ஒற்றைச் சூடு. கீழே தள்ளும்போது கடக்கென்று ஒரு சத்தம், இருட்டில் பத்தடி தள்ளி நிற்பவனுக்கும் கேட்கும். நடிகர்கள் பலரும் பூட்டைத் திறக்காமலேயே சுடுவார்கள். வீட்டில் படம் பார்க்கும்போது நான் இதைச் சொன்னால் என் மனைவி ரிமோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

#15 வாசுகி_த

எனக்கு ஸ்புட்னிக்கைப் பற்றி வேறு விதமாகத் தோன்றியது. விண்வெளி வீரர்கள் கையில் நிஜமாகவே துப்பாக்கி இருந்ததே.

1965 மார்ச், வஸ்ஹோத்-2. லியோனவ் விண்கலத்துக்கு வெளியே மிதந்த முதல் மனிதர். திரும்பும்போது தானியங்கித் தரையிறக்கம் வேலை செய்யவில்லை, கலம் குறித்த இடத்தில் இறங்காமல் பெர்ம் பக்கம் பனிக்காட்டில் விழுந்தது. அவரும் கூடப் பறந்த பெலியாயெவும் இரண்டு இரவு காட்டில் கழித்தார்கள். ஓநாயும் கரடியும் உள்ள காடு, கையில் ஒரு கைத்துப்பாக்கி. அந்த அனுபவத்தை லியோனவ் மறக்கவில்லை. பின்னாளில் தூலா நகரில் இதற்கென்றே ஒன்று செய்தார்கள், டிபி-82. மூன்று குழல்: மேலே பக்கம் பக்கமாக 12.5 மில்லிமீட்டரில் இரண்டு, வேட்டைத் துப்பாக்கி மாதிரி, கீழே 5.45இல் ஒன்று, குண்டுக்கு. பின்னால் மாட்டும் கட்டையின் உறையைக் கழற்றினால் அதுவே வெட்டரிவாள். 1986 முதல் சோயுஸ் கலங்களில் போனது, கைவசமிருந்த தோட்டாக்களுக்குக் காலாவதி ஆனதால் 2007 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். இப்படியொன்றைப் படத்தில் காட்டினால் கற்பனை என்றுதான் சொல்வோம்.

#16 பிலிம்சுருள்

வாசுகி, அதற்கும் மேலே ஒன்று. 1984இல் மாஸ்கோவில், ஏவுகணைப் படையின் அகாடமியில் லேசர் கைத்துப்பாக்கியே செய்து பார்த்தார்கள். விண்வெளி வீரர்களுக்காக. மேகசினில் எட்டுத் தோட்டா, ஆனால் தோட்டா என்பது பிளாஷ் பல்பு: உள்ளே சிர்க்கோனியத் தகடும் ஆக்சிஜனும், எரிந்தால் வரும் வெளிச்சம் லேசரைத் தூண்டும். சுமார் இருபது மீட்டருக்குள் எதிரிக் கலத்தின் ஒளிக்கருவிகளைக் குருடாக்குவதுதான் நோக்கம். ஆளைத் துளைக்கும் கதிரெல்லாம் இல்லை. சோதனையோடு நின்றுபோனது. பார்த்தால் சாதாரணக் கைத்துப்பாக்கி மாதிரியே இருக்கிறது, எந்த இயக்குநரும் இது ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதே என்று ஒதுக்கியிருப்பார்.

#17 கொட்டாவி

கின்-ஸா-ஸாவை யாருமே சொல்லவில்லையே? அதில் ட்ரான்க்லுகேட்டர் என்று ஒரு ஆயுதம் வருமே. எனக்குப் பிடித்த ஒரே சோவியத் படம்.

#18 வாசுகி_த

கொட்டாவியாருக்குப் பிடித்த படம் ஒன்று உண்டு என்பதே இந்த இழையின் பெரிய செய்தி.

1986, தனேலியா இயக்கியது. ரொட்டியும் மக்ரோனியும் வாங்கக் கிளம்பிய மாஸ்கோக்காரர் ஒருவர் தெருவில் ஒரு பித்தானை அழுத்திப் பிளியூக் என்ற பாலைவனக் கிரகத்தில் போய் நிற்கிறார். எடுத்தது கரகும் பாலைவனத்தில். அங்கே போலீசுக்குப் பெயர் எத்சிலோப், அதாவது போலீஸைத் திருப்பிப் போட்டால் வருவது. (நாமும் ஸ்லீபோ என்று வைத்துக்கொள்ளலாம்.) அந்தக் கிரகத்தில் எல்லாரையும் மிரட்ட ஆயுதம் இருக்கிறது. ஆனால் எல்லாரும் அலைவது கேட்சேவுக்கு. கேட்சே என்றால் நம் தீக்குச்சி. ஒரு தீக்குச்சிக்காகப் பொய் சொல்வார்கள், காட்டிக்கொடுப்பார்கள், காலில் விழுவார்கள். டப்பி முழுக்கத் தீக்குச்சி வைத்திருக்கும் மாஸ்கோக்காரருக்கு முதலில் அது புரிவதே இல்லை, சிகரெட் பற்றவைத்து வீணாக்குவார்!

இப்போது ஸ்டாக்கருக்குத் திரும்புங்கள். சுரங்கத்தில் யார் முதலில் போவது என்று முடிவு செய்தது எது? அங்கேயும் தீக்குச்சிதான்.

#19 மண்டலவாசி

ஐயோ. அக்கா, இப்போதுதான் உறைக்கிறது. அந்த விளையாட்டில் எல்லாத் துப்பாக்கிக்கும் தோட்டா தீரும், துரு ஏறும், சிக்கிக்கொள்ளும். தீராத ஒரே பொருள் போல்ட். பொறி இருக்கிறதா என்று முன்னால் எறிந்து பார்க்க. நான் அதைப் போட்டபோதெல்லாம் சும்மா ஒரு வேடிக்கை என்று நினைத்தேன். படத்தில் ஸ்டாக்கர் துணிக்கீற்று கட்டிய நட்டை எறிந்து எறிந்துதான் நடக்கிறான். அங்கிருந்துதான் எடுத்திருக்கிறார்கள்.

#20 டம்மிபீஸ்

அந்தத் துணி ஏன் என்று யோசித்தீர்களா? வெறும் நட்டு புல்லில் விழுந்தால் காணாமல் போகும். வெள்ளைத் துணி வாலாகப் பறக்கும்போது கேமராவுக்கும் கண்ணுக்கும் தெரியும், விழுந்த இடமும் தெரியும். ஒரு காசு செலவில்லாத பொருள். நான் வேலை செய்த படங்களில் இவ்வளவு வேலை செய்த பொருள் எதுவும் கிடையாது. ஒருநாள் இதைச் சுட்டுவிடப் போகிறேன், சொல்லிவிட்டேன்.

#21 பிலிம்சுருள்

துப்பாக்கி இழை என்பதால் ஒரு துணுக்கு. முதலில் எஸ்தோனியாவில் ஸ்டாக்கரைப் படம் எடுத்தது ரெர்பெர்க் என்ற ஒளிப்பதிவாளர். கழுவும்போது பிலிம் பாழாகி, சண்டை வந்து, அவர் போனார். அடுத்து வந்தவர் லியோனித் கலாஷ்னிகோவ். அவரும் நிலைக்கவில்லை, படத்தை முடித்தவர் கினியாஜின்ஸ்கி. ஆக மண்டலவாசி தேடிய கலாஷ்னிகோவ் இந்தப் படத்தில் இருந்திருக்கிறது, கேமராவுக்குப் பின்னால்.

#22 கொட்டாவி

இதற்காகவே ஐந்து நட்சத்திரம்.

#23 ஹவில்தார்_ஓய்வு

மொஸ்ஃபில்மின் யூடியூப் சேனலில் ஸ்டாக்கர் கிடைத்தது. நேற்று இரவு பார்த்து முடித்தேன். நடுவில் கொஞ்சம் தூங்கினேன், மறைக்க மாட்டேன்.

மெஷின் கன்காரர்கள் எப்படிச் சுடுகிறார்கள் என்றுதான் முதலில் பார்த்தேன். ரயில் வரும்போது வேலிக் கதவு திறக்கிறது, ஜீப் பின்னாலேயே நுழைகிறது, அவர்கள் சுட்டுத் தள்ளுகிறார்கள். பிறகு மூன்று பேரும் தள்ளுவண்டியில் ஏறிப் போனதும் சூடு நின்றுவிடுகிறது. ஏன் துரத்தவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. நாங்களாக இருந்தால் விடமாட்டோம். ஸ்டாக்கரே அதற்குப் பதில் சொல்கிறான்: அவர்களுக்கு உள்ளே வர பயம் என்று.

அப்புறம் அந்த டாங்குகள் வரும் இடத்தை மூன்று முறை பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். என் மனைவி வந்து, புல்லைத் தவிர ஒன்றும் இல்லையே, என்னத்தைத் தேடுகிறீர்கள் என்றாள். உற்றுப் பார் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இந்த முறை ரிமோட்டை எடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.